கடைசி வரியைச் சொல்லுங்கள்

கே: கம்ப்யூட்டரைப் போட்டால் உபுண்டு (லினக்ஸ் ஓஎஸ்) லோகோ வந்து வட்டம் சுற்றுகிறது, அப்படியே நிற்கிறது. என்ன செய்ய?

ப: எந்தப் பதிப்பு, என்ன கிராபிக்ஸ் கார்டு, ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் வராது. லோகோ திரையில் எஸ்கேப் தட்டுங்கள். பின்னால் ஓடும் வரிகள் தெரியும். தெரியாவிட்டால், ஓஎஸ் தொடங்கும் முன் வரும் கிரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10. எந்த வரியோடு நிற்கிறதோ, அதை எழுதி அனுப்புங்கள்.

கே: 'ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒன்றரை நிமிஷம் எண்ணிவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது. போன வாரம்தான் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன்.

ப: கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. டிஸ்க் போய்விட்டது, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் அதன் வரி போகவில்லை. எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதற்காக 90 வினாடி காத்துக் கிடக்கிறது. அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் (#) போடுங்கள், அந்த வரியைக் கணக்கில் எடுக்காது. இனிமேல் கூடுதல் டிஸ்க் எதைச் சேர்த்தாலும் அதன் வரியில் 'நோஃபெயில்' மறக்காதீர்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது.

கே: லாகின் திரைக்கே போவதில்லை. கடையில் 'ஓஎஸ் கரப்ட், ஃபார்மேட்தான்' என்கிறார்கள். செய்துவிடலாமா?

ப: வேண்டாம், வேண்டாம். ஜலதோஷத்துக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம் இது. என் உறவினர் ஒருவருக்கும் இதையேதான் சொன்னார்கள். ஃபார்மேட் ஆனது, பத்து வருஷப் போட்டோவும் போனது. அதே லேப்டாப் இரண்டே மாதத்தில் மறுபடி நின்றபோது என்னிடம் வந்தது. பார்த்தால் ரூட் பார்ட்டிஷன், அதாவது ஓஎஸ் இருக்கும் டிஸ்க் பகுதி, 100 சதவீதம் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். எழுத இடமில்லாவிட்டால் டெஸ்க்டாப் எப்படி எழும்பும்? கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி டெர்மினலில் நுழைந்து 'டிஎஃப் -ஹெச்' (df -h) கொடுத்து எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் இறக்கிவைத்த பேக்கேஜ்களை அழிக்க 'ஏபிடி கிளீன்' (sudo apt clean), பிறகு ஜர்னலை, அதாவது சிஸ்டத்தின் பதிவேட்டை, 200 எம்பிக்குச் சுருக்குங்கள் (sudo journalctl --vacuum-size=200M). பத்து நிமிஷ வேலை. டெர்மினலும் வரவில்லையா, உபுண்டுவை நேரடியாக ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து ஹோம் ஃபோல்டரை முதலில் வெளியே நகலெடுங்கள். நகல் இல்லாமல் எதிலும் கை வைக்காதீர்கள். கடைக்காரருக்கு ஃபார்மேட் சுலபம், டேட்டா அவருடையதல்லவே.

கே: கரன்ட் போய் வந்ததும் பிஸிபாக்ஸ், இனிட்ராம்எஃப்எஸ் என்று கருப்புத் திரை.

ப: டிஸ்க்கைத் திறக்க முடியாமல் பூட் பாதியில் நின்ற அவசரத் திரை அது. 'எக்ஸிட்' அடித்தால் எந்தப் பார்ட்டிஷனில் கோளாறு என்று அதுவே சொல்லும். அதன் மேல் 'எஃப்எஸ்சிகே -ஒய்' (fsck -y) ஓட்டிப் பிழைகளைச் சரிசெய்யுங்கள். மாதம் இரண்டு முறை இப்படி வந்தால் டிஸ்க் சாகப் போகிறது என்று சந்தேகப்படுங்கள்; நகல், நகல்.

கே: என்விடியா கார்டு மாட்டியதிலிருந்து திரை இருட்டு.

ப: கிரப்பில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் அதே வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) சேருங்கள், எளிய கிராபிக்ஸில் திரை வரும். உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போடுங்கள். நோமோட்செட்டிலேயே குடித்தனம் நடத்தாதீர்கள்.

கே: நின்றுவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கலாமா?

ப: ஐந்து நிமிஷம் பொறுத்தும் டிஸ்க் லைட் சிமிட்டாவிட்டால் பிடிக்கலாம். அதற்கு முன் திரையைப் போட்டோ எடுங்கள், கை ஆடாமல். இந்த மாதம் வந்த மூன்று படங்களில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.