காகிதப்பூவைத் தாக்கும் பூச்சிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டு முகப்பில் தொட்டியில் வளரும் காகிதப்பூச் செடியின் கணுக்களில் வெண்பஞ்சு போல ஏதோ ஒட்டியிருக்கிறது. இலைகள் பிசுபிசுத்துக் கறுத்துவிட்டன. கடையில் கொடுத்த மருந்தைத் தெளித்தும் சில நாள்களில் மீண்டும் வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் மாவுப்பூச்சிக்கு உரியவை. வெண்பஞ்சாகத் தெரிவது அப்பூச்சி தன் உடலைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் மெழுகு. பெண்பூச்சி இடும் நூற்றுக்கணக்கான முட்டைகளும் அத்தகைய மெழுகுப் பைக்குள்தான் இருக்கின்றன. மேலே தெளிக்கும் மருந்து அந்த மெழுகில் ஒட்டாமல் வழிந்துவிடுவதாலும், தப்பிய முட்டைகள் பொரிந்து புதிய குஞ்சுகள் வெளிவருவதாலும் ஒருமுறை தெளிப்பதோடு இது ஓய்வதில்லை. சாற்றை உறிஞ்சிய பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவே பிசுபிசுப்பு. அதன்மேல் படர்வது கரும்பூசணம். பூச்சி ஒழிந்தால் பூசணமும் தானே உதிரும் என்பதால் அதற்கென்று தனி மருந்து வேண்டியதில்லை.

முதலில் எறும்பைக் கவனியுங்கள். இனிப்புக் கழிவுக்காக வரும் எறும்புகள் மாவுப்பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்து காப்பதோடு, குஞ்சுகளைக் கிளைக்குக் கிளை சுமந்தும் செல்கின்றன. அகன்ற தட்டில் நீர் ஊற்றி, நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை நிறுத்தி, கிளைகள் சுவரைத் தொடாமல் கத்தரித்துவிட்டால் எறும்பின் வழி அடைபடும். மிகுதியாகத் தாக்கப்பட்ட நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலியோரம் எறிந்தால் பப்பாளிக்கும் மரவள்ளிக்கும் பூச்சி பரவ நேரிடும். எஞ்சியதை நீரைப் பீய்ச்சிக் கழுவியபின், ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நன்கு கலக்கி, மாலை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் கணுக்களும் நனையுமாறு தெளியுங்கள். வாரம் அல்லது பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிப்பது அவசியம். ஒரு சிறு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்த பின்னரே செடி முழுவதற்கும் தெளிக்க வேண்டும். வேப்ப எண்ணெய்க்கு மாற்றாக மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்தும் தெளிக்கலாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அந்நீரில் சோப்பு திரிந்து, எண்ணெய் தனியே மிதந்து, இலையைக் கருக்கிவிடும். ஆகவே மருந்து கலக்க மழைநீரையோ, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நீரையோ பயன்படுத்துங்கள்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைவிடப் பெரிதாகவும் வேகமாகவும், உடலெங்கும் வெண்மெழுகு இழைகளோடும் ஊரும் புழுக்களைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். அவை மாவுப்பூச்சியையே உண்டு வாழும் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்களாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இவ்வண்டு 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2008இல் கோவைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்தபோது, கடும் மருந்துகளால் முடியாததை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி செய்து முடித்தது. கடும் மருந்து முதலில் கொல்வது இத்தகைய நண்பர்களைத்தான். வீட்டுச் செடிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் காகிதப்பூ இலைகளின் ஓரங்கள் கடிபட்டிருக்கின்றன. பகலில் பார்த்தால் எந்தப் பூச்சியும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். எதைத் தெளிக்கலாம்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: எதையும் தெளிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். மற்ற தோட்டங்களில் இலை தின்னும் புழுக்களுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தைப் பாதுகாப்பானது என்று சொல்வதுண்டு. ஆனால் அந்த நுண்ணுயிரியே 1901இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. காற்றில் பறந்து மல்பெரி இலையில் படியும் சிறு துளியும் பக்கத்து வீட்டாரின் புழுக்களைக் கொல்லக்கூடும். வேம்பிலுள்ள அசாடிராக்டினும் புழுவின் தோலுரிப்பைத் தடுப்பதால் பட்டுப்புழுவுக்கு ஆகாது. ஒரு குடும்பத்தின் வருமானம் அந்தத் தட்டுகளில் இருக்கும்போது நம் செடியின் சில இலைகள் பெரிதல்ல.

இலை தின்னும் புழுக்களில் பல இரவில்தான் மேய்கின்றன. பகலில் குச்சி போலக் கிளையோடு ஒட்டிக் கிடப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். இரவில் டார்ச் விளக்கோடு பார்த்து, கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டால் போதும். அதற்கு முன், கடிபட்ட வடிவத்தை ஒருமுறை பாருங்கள். தாறுமாறாக இல்லாமல், ஓரத்தில் கத்தரியால் நறுக்கியது போல அரைவட்டமாக இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை. கூடு கட்ட எடுத்துச் செல்கிறது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் அத்தேனீயை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் இலைகள் வெளிறி, அடியில் நூலாம்படை போலத் தெரிகிறது. நோயா, பூச்சியா?
– வாசகி, அரூர்

பதில்: சிவப்புச் சிலந்திப்பேனாக இருக்கலாம், இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் புள்ளிகளாக ஊர்வது தெரியும். வறண்ட வெப்பமும் புழுதியும் அதற்குச் சாதகமானவை. சில நாள்கள் தொடர்ந்து காலையில் இலையின் அடிப்பக்கத்தை நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். ஆனால் கடும் வெயில் நாளில் கூடாது. வேப்ப எண்ணெய் தெளித்து இரண்டு வாரங்களுக்குள்ளும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகிவிடும்.

கேள்வி: பூச்சி வராமலே தடுக்க வழி உண்டா? தினமும் நீர் ஊற்றி, மாதந்தோறும் யூரியாவும் வைக்கிறோம். ஆனாலும் துளிர்களில் அசுவினி மொய்க்கிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: யூரியாவையும் தினசரி நீரையும் நிறுத்துவதே முதல் தடுப்பு. தழைச்சத்து மிகுந்தால் செடி மென்மையான துளிர்களாகத் தள்ளும். அசுவினிக்கு அதைவிட உகந்த உணவில்லை, பூவும் குறையும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடுங்கள். நாளில் 5 அல்லது 6 மணி நேர நேரடி வெயில் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். பூத்து ஓய்ந்தபின் உட்கிளைகளைக் கத்தரித்துக் காற்றோட்டம் தாருங்கள். ஏற்கெனவே மொய்க்கும் அசுவினியை நீரைப் பீய்ச்சியே உதிர்த்துவிடலாம். நாற்றுப் பண்ணையிலிருந்து புதிய செடி வாங்கினால், அடி இலைகளையும் தொட்டியின் விளிம்பையும் பார்த்து வாங்கி, இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள்.