பீலி துப்பரவு: வீட்டுக்கு ஒரே விலை சரிவராது

தம்பி, கிளிநொச்சியில் கூரை ஓரத்தில் மழைநீர் வடிந்தோடும் பீலியைத் துப்பரவாக்க வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை பேசி, மாடி வீடுகளில் நட்டப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பீலியை அடிக்கணக்கில் அளந்து விலை சொல்லுங்கள். மாடிக்குத் தனி விலை. ஏணி பிடிக்க இன்னொருவர் வேண்டும், அவருடைய கூலியையும் பெட்ரோலையும் முதலில் கணக்கில் எடுங்கள்.

ஏறிப் பார்க்காமல் போனில் விலை சொல்லவே கூடாது. நான் ஒருமுறை அப்படிச் சொல்லி மாட்டினேன். வேப்பஞ்சருகு உக்கிச் சேறாகி, அதற்குள் முழ உயரத்தில் ஒரு வேப்பங்கன்று நின்றது! இறங்கு குழாயும் அடைப்பு. அரைநாள் வேலை, கிடைத்தது ஒரு மணித்தியாலக் காசு. குழாய் அடைப்புக்குத் தனிக்காசு என்று முதலே சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் எல்லாரும் ஒரேயடியாகக் கூப்பிடுவார்கள். புரட்டாதியிலேயே கூப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.