செக்ரோல் எழுதிய கைக்கு டைரி ஏன் வசப்படவில்லை?

கேள்வி: மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் பதிவேடு எழுதும் எழுத்தராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். ஜனவரியில் டைரி வாங்கினேன். ‘எழுந்தேன், பசியாறினேன், கடைக்குப் போனேன்’ என்று மூன்று வாரம் போயிற்று. அப்புறம் கை ஓடவில்லை. பழைய தோட்டத்து நினைவுகளையும் எழுத ஆசை, ஆண்டுதான் குழம்புகிறது. அலமாரியிலுள்ள பழைய நோட்டுகளில் வேறு பூஞ்சணம். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, தேதி அச்சிட்ட அந்த டைரியை முதலில் ஓரமாக வையுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் கேட்கும் புத்தகம் அது. நாலு பக்கம் வெறுமையாகக் கிடந்தாலே திறக்கக் கூச்சமாகிவிடும். கெட்டி அட்டை போட்டு நூலால் தைத்த 200 பக்கக் கோட்டு நோட்டு போதும். கோடுகளுக்கு நடுவே 8 மில்லிமீட்டர் இருந்தால் கண்ணுக்குச் சிரமமில்லை. கம்பிச்சுருள் நோட்டு வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும். பேனா சாதாரண பால்பாயிண்ட். ஜெல் மை பலவும் தண்ணீர் பட்டால் பரவும்.

கை ஓடாததற்குக் காரணம் வேறு. நீங்கள் எழுதியவை எந்த நாளுக்கும் பொருந்துகிற வரிகள். செக்ரோலில் ‘ஆட்கள் வேலை செய்தார்கள்’ என்றா எழுதினீர்கள்? யார், தோட்டத்தில் எந்தக் காடு, எத்தனை கிலோ என்றல்லவா எழுதினீர்கள். இங்கேயும் அதே கணக்குத்தான். கடையில் என்ன வாங்கினீர்கள், எத்தனை வெள்ளி, வழியில் யாரைப் பார்த்தீர்கள், அவர் சொன்ன ஒரு வாக்கியம் அவர் வாயில் வந்தபடியே. ஐந்து வரி, பத்து நிமிடம். பெயரோடு ஆள் யாரென்றும் சேர்த்து எழுதுங்கள். வெறும் ‘முனியம்மா’ பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது; ‘ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த முனியம்மா’ புரியும்.

சட்டைப்பையில் ஒரு 555 நோட்டு இருக்கட்டும், மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே குட்டிப் புத்தகம். பகலில் அதில் இரண்டு சொல் குறித்துவிட்டு, மாலைத் தேநீர் முடிந்ததும் பெரிய நோட்டில் விரித்து எழுதுங்கள். படுக்கப் போகும்போது வைத்துக்கொண்டால் தூக்கம் ஜெயித்துவிடும். விட்டுப்போன நாட்களை இட்டு நிரப்பாதீர்கள், பாதி கற்பனையாகிவிடும். ‘12 முதல் 15 வரை காய்ச்சல், எழுதவில்லை’ என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போகலாம். வங்கி அட்டையின் இரகசிய எண் மட்டும் எதிலும் ஏற வேண்டாம்.

நினைவுகளுக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஆண்டு குழம்பினால் தேதி தெரிந்த நிகழ்ச்சி ஒன்றில் கட்டிப்போட வேண்டும். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டு, 2004 டிசம்பர் 26 சுனாமி, பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிய 2007, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய 2020 மார்ச் 18. சம்பவம் இவற்றுக்கு முன்னா, பின்னா என்று கேட்டாலே பாதி தெளிந்துவிடும். உங்களிடம் இன்னொரு நல்ல அளவுகோல் உண்டு. செம்பனை நட்டு ஏறக்குறைய இரண்டரை, மூன்று ஆண்டில் குலை வெட்டத் தொடங்குவார்கள். பால்மரத்தை (ரப்பர் மரத்தை)ச் சாய்த்துச் செம்பனை நட்ட ஆண்டு தெரிந்தால், ‘முதல் குலை வெட்டினபோதுதான் தங்கச்சி கல்யாணம்’ என்ற நினைவுக்கும் ஆண்டு கிடைத்துவிடும். அப்போதும் ஐயமென்றால் ‘1994?’ என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள். கூட வேலை செய்தவர் வேறு மாதிரிச் சொன்னால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். பழையதை அடிக்க வேண்டாம்.

ரசீது, டிக்கெட் ஒட்டும் வழக்கமிருந்தால் ஒரு எச்சரிக்கை. வெப்பத்தாளில் அச்சான ரசீது சில ஆண்டிலேயே வெளுத்துவிடும்; விவரத்தைக் கையால் எழுதுங்கள். கஞ்சிப்பசையும் ஆகாது, வெள்ளிமீன் பூச்சிக்கு அது விருந்து.

பூஞ்சணம் பிடித்த நோட்டை ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். வெயிலில் போட்டால் தாள் நெளியும், மை வெளுக்கும். நிழலில் விரித்து, காற்று நன்றாகப் படும்படி இரண்டு நாள் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பெட்டிக்குள்ளேயே பூஞ்சணம் வளரும். பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பலகைமேல் வையுங்கள்; கறையான் ஏறினால் கண்ணில் படும்.