பால் பத்தலையா?

அன்புள்ள அக்கா,

குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று படித்துத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் பால் போதவில்லை என்று தோன்றுகிறது. பம்ப் வைத்து எடுத்துப் பார்த்தேன், 30 மில்லிதான் வந்தது. வீட்டில் புட்டிப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள். பிரசவத்துக்கு முன்பே எல்லாத் தாய்மாருக்கும் வகுப்பு நடத்தினால் இந்தக் குழப்பம் தீருமா? எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எடுத்த பால் வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். வகுப்பு நல்லதுதான், நடக்கட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 30 மில்லி. யாரம்மா உன்னை அளக்கச் சொன்னது? நன்றாகக் குடிக்கும் குழந்தை இழுக்கிற அளவுக்குப் பம்ப் இழுக்காது. பயந்துகொண்டே உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் பாலும் இறங்காது. பாலைச் சுரக்கவைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன், வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பதற்றமும் வலியும் ஆக்சிடோசினைத் தடுத்துவிடும். ‘பத்தலையா?’ என்று வாசலில் நின்று கேட்பவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு வேளை புட்டி கொடுத்தால், அந்த வேளைப் பால் மார்பிலேயே தங்கும். தங்கத் தங்க உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சில நாளில் நிஜமாகவே பத்தாது. ‘அப்பவே சொன்னேனே’ என்பார்கள்.

எனக்கும் சொன்னார்கள். என் மூத்தவள் பிறந்த அன்றிரவு என்னைக் கேட்காமலே அவளுக்குப் புட்டியில் கொடுத்துவிட்டார்கள். சீம்பால் பற்றிப் பரீட்சையே எழுதியிருப்பேன், அவ்வளவு படித்திருந்தேன். பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் கைக்குத் தெரியவில்லை. மூன்றாம் இரவு காம்பு வெடித்து, அவளும் அழ நானும் அழ, ஒரு நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முதுகுக்குத் தலையணை வைத்தார். பிள்ளையின் வயிறு என் வயிற்றில் படும்படி திருப்பினார். அவள் மூக்குக்கு நேரே காம்பை வைத்து, கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறக்கும்வரை பேசாமல் காத்திருந்தார். திறந்ததும் ஒரே அணைப்பு. முகவாய் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது. வலி சட்டென்று அடங்கியது.

“காது கொடுத்துக் கேளுங்க” என்றார். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ‘க்’ என்று சின்னச் சத்தம். விழுங்குகிறாள். அதைக் கேட்டு நான் அழுததை அவர் பார்க்காத மாதிரி இருந்தார். அரை மணி நேரம் எழுந்துபோகவே இல்லை.

உன் வீட்டில் அப்படி உட்கார ஒருவர்கூட இல்லையா? உன் கணவர் உட்காரட்டும். வகுப்பென்றால் முதலில் அவருக்கு நடத்த வேண்டும்.

உன்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பம்பின் அளவை எழுதியவள் பிள்ளையின் எடையை எழுதவே இல்லை! முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிறதா, ஆறு துணியாவது நன்றாக நனைகிறதா, பார். இதில் எது குறைந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போ. அவர் பார்த்துவிட்டுப் புட்டிப்பாலும் வேண்டும் என்றால் கொடு, அதில் குற்றவுணர்ச்சி எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மட்டும் கொடுக்காதே.

பம்பை இப்போதைக்கு உள்ளே எடுத்துவை. நாளைக்கே எடை பார்த்துவிட்டு எனக்கு எழுது, காத்திருக்கிறேன்.