கஞ்சிகுடிச்சாற்றுக்கு மகனைக் கூட்டிப் போகலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் தம்பிலுவில். கல்முனையில் படிப்பிக்கிறேன். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, 1990இல் புலிகள் இயக்கத்துக்குப் போனவர். 1997இல், ஆமியின் ஜெயசிக்குறு நடவடிக்கையை எதிர்த்த சண்டையில் வன்னியில் வீரச்சாவு. உடல் ஊருக்கு வரவில்லை. இயக்கத்தில் செத்தவர்களுக்கான கஞ்சிகுடிச்சாறு துயிலும் இல்லத்தில் ஒரு நினைவுக்கல் மட்டும் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆனாலும் நவம்பர் 27, மாவீரர் நாள் வந்தால் அம்மா அங்கே போயே ஆகவேண்டும் என்று நிற்பார். தடை இருந்த வருடங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் விளக்கு வைத்தார்.

இந்த முறை என் மகனையும் கூட்டிவரச் சொல்கிறார். அவனுக்கு ஒன்பது வயது. எனக்கு மனம் ஒப்பவில்லை. சண்டை என்றால் பெருமை என்று பதிந்துவிடுமோ என்று பயம். இன்னொன்று, என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரின் வாப்பா காத்தான்குடிப் பள்ளிவாசலில் இயக்கத்தால் சுடப்பட்டவர். நவம்பர் கடைசி வாரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. செத்துப்போன போராளியை மதிப்பதும் போரை வெறுப்பதும் ஒரே மனதுக்குள் இருக்க முடியுமா அக்கா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். மகனைக் கூட்டிப் போங்கள். ஆனால் போவதற்கு முன்பு அவனை அம்மம்மா பக்கத்தில் இருத்தி, மாமாவின் கதையைக் கேட்க வையுங்கள். அவருக்குப் பிடித்த கறி எது, எந்த வாய்க்காலில் குளித்தார், எந்தப் பாடத்தில் கோட்டை விட்டார், போகும்போது எத்தனை வயது, வீட்டில் சொல்லிவிட்டுப் போனாரா இல்லையா, எல்லாம் வரட்டும். மாவீரர் என்ற பட்டத்தோடு மட்டும் அறிமுகமானால் பிள்ளைக்கு அவர் சீருடை போட்ட ஒரு படம்தான். மாமாவாக அறிமுகமானால், இவ்வளவு சின்ன ஆளை ஏன் போகவிட்டீர்கள் என்று அவனே கேட்பான். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நீங்கள் பயப்படுகிற பெருமை அவனிடம் ஒட்டாது.

ஏன் போனார் என்பதையும் மறைக்க வேண்டாம். 1990ஆம் ஆண்டு இங்கே எப்படி இருந்தது என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களைக் கொன்றார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தில்) அகதிகளாக இருந்த 158 பேரை ஆமி ஏற்றிப் போனது. ஒருவரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் 180க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், கைக்குழந்தைகள் உட்பட. அந்த வருடம் காட்டுக்குப் போன பிள்ளைகளில் பலர் இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள், இல்லாவிட்டால் கண்டவர் வாயால் கேட்டவர்கள். 2002 சமாதான காலத்தில் போனவர்களின் கதை வேறு. அப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு, கொடுக்காத வீட்டிலிருந்து பிடித்தும் கொண்டுபோனார்கள். படுவான்கரைத் தாய்மார் முகாம் வாசலில் கிடந்து அழுததை ஊரே பார்த்தது. விரும்பிப் போனவருக்கும் இழுத்துக்கொண்டு போகப்பட்டவருக்கும் துயிலும் இல்லத்தில் ஒரே அளவுக் கல்தான் வைத்தார்கள். நான் அங்கே கும்பிடும்போது இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

ஒரு முறை கிரானுக்கு அப்பால் தரவைத் துயிலும் இல்லத்துக்குப் போயிருந்தேன். கிழக்கை 2007இல் ஆமி பிடித்த பிறகு அங்கே கல்லறைகளை இடித்து மட்டமாக்கிவிட்டார்கள். உடைந்த துண்டுகளைச் சனங்கள் பொறுக்கி ஒரு குவியலாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். யாருடைய கல் எது என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு அம்மா வாசலிலிருந்து வரிசையை மனக்கணக்காக எண்ணிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார். புல்லைக் கத்தியால் செதுக்கினார். வாழைக்குற்றியை ஊன்றி அதன் தலையில் சிட்டி விளக்கை வைத்தார். ஒரு பக்கம் முறுக்கு, மறுபக்கம் மூடி திறந்த நெக்டோ போத்தல். மாரிமழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. குடையை விளக்குக்குப் பிடித்தார், தான் நனைந்தார். 6.05க்கு மணி அடித்தது, 6.06க்கு அகவணக்கம், 6.07க்குச் சுடர். அதுவரை வாயைத் திறக்காதவர் அப்போதுதான் மகனின் வீட்டுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். பக்கத்தில் ஒரு அரசியல்வாதி கமராவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசியதில் ஒரு சொல்கூட அந்த அம்மாவின் காதில் விழுந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், மகனை அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். சுடர் ஏற்றி முடிந்ததும், மேடைப் பேச்சு ஏதும் தொடங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். இயக்கத்துச் சீருடை மாதிரிப் பச்சை வரி போட்ட உடுப்பைப் பிள்ளைகளுக்கு மாட்டிக் கூட்டிவருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைக் கண்டால் வயிறு எரியும்.

சரி, உங்கள் ரீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல், சிறு பையன்களும் உள்பட. குண்டு துளைத்த சுவரை இன்றும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். செய்தது நம் பக்கத்து இயக்கம். அடுத்த வாரம் ஏறாவூரிலும் அதேதான். அதற்கு முந்திய ஜூனில், சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸ்காரர்களை நூற்றுக்கணக்கில் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அவர்களைச் சுட்ட றூபஸ்குளமும் திருக்கோவில் பக்கத்துக் காடுதான், நீங்கள் விளக்கு வைக்கப் போகிற கஞ்சிகுடிச்சாறும் அதே பக்கம்தான். 1987இல் அறந்தலாவையில் பஸ்ஸில் போன 30க்கும் மேற்பட்ட பிக்குகளை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். பெரும்பாலானோர் சிறுவர்கள். இவை எதையும் உங்கள் மாமா செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் நின்ற இயக்கம் செய்தது. ஒன்பது வயதில் இவ்வளவும் வேண்டாம், பதின்மூன்று பதினான்கில் மகனுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். வீரமுனையைச் சொல்கிற வாய் காத்தான்குடியையும் சொல்ல வேண்டும்.

உகனையிலும் தமணையிலும் வயல் செய்கிற சிங்களக் குடும்பங்களிலும் ஆமிக்குப் போய்ச் செத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மே 19இல் அரசாங்கம் பத்தரமுல்லையில் அவர்களுக்கு மலர் வைக்கிறது, பெயர் பொறித்த சுவரும் இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தாய்க்கு அந்தச் சுவர் வேண்டும். அதே அரசாங்கம் நம் தாய்க்கு இருந்த கல்லை புல்டோசர் விட்டு உடைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று போரில் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாக ஒரு நிகழ்வை ஒதுக்குங்கள் என்று அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவே 2011இல் எழுதிக் கொடுத்தது. எழுதியதோடு சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். 2004 ஏப்ரல், பெரிய வெள்ளி. வெருகலில் ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் வன்னிப் பக்கம், பிரிந்துபோன கருணாவின் கிழக்குப் பக்கம் என்று இரண்டாகி ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். வன்னியிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தவர்களிலும் நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் இருந்தார்கள், எதிரே நின்றவர்களும் அவர்களேதான். இன்று கிழக்குப் பக்கத்தில் விழுந்தவர்களுக்கு ஒரு கட்சி வருடா வருடம் ஏப்ரலில் அஞ்சலி செய்கிறது. நவம்பர் 27இல் அவர்களை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களைப் பெற்றவர்கள் நம்மோடு ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள், நவம்பர் வந்தால் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. துரோகி என்ற சொல் இன்னும் அந்த வீட்டு வேலியைத் தாண்டி உள்ளே விழுகிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால் அம்மாவை ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். எண்ணெய்ப் போத்தலையும் கொண்டு போகட்டும்.

கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் ரீச்சர் என்ன நினைப்பார்? அவருக்கு நவம்பர் 27 என்ன நாள் என்று தெரியாமலா இருக்கும். லீவு கேட்கும்போது மாமாவுக்கு விளக்கு வைக்கப் போகிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், பேசாமலும் போகலாம். இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு. மன்னிப்பையோ ஆறுதலையோ அவரிடம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வாப்பாவைப் பற்றிக் கேளுங்கள், சொல்ல மனம் வந்தால் சொல்வார். காத்தான்குடியில் ஆகஸ்ட் 3 சுஹதாக்கள் (தியாகிகள்) தினம். அன்று அவர் வீட்டுக்கு வரலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் கேட்கலாம்.