தலை கெட்டி, கால் அழுகல்

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய நர்சரி வைத்திருக்கிறேன், ஐயா. ஐப்பசியில் சமவெளி வியாபாரி ஒருவரிடம் சிவப்பு, மஞ்சள் தலை ஒட்டுக் கள்ளி 300 வாங்கினேன். மார்கழி பிறந்ததிலிருந்து அடித்தண்டு கண்ணாடிபோல் மஞ்சளித்துச் சாய்கிறது. மேல் உருண்டை மட்டும் கெட்டியாக இருக்கிறது. இரவில் 8 டிகிரி வரை இறங்குகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். 40 செடிகள் போய்விட்டன. எந்த மருந்து, லிட்டருக்கு எத்தனை கிராம்? கூழாங்கல் போலிருக்கும் லித்தாப்ஸ் செடிகளும் சுருங்குகின்றன, தண்ணீரைக் கூட்டலாமா?

பதில்: கேட்டதைச் சொல்லிவிடுகிறேன் அம்மணி. காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம். ஆனால் வாங்காதீர்கள். தொட்டியில் ஊற்றும் மருந்தும் தண்ணீர்தான். ஈரத்தில் அழுகும் வேருக்கு அது இன்னொரு குவளை ஈரம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்தச் செடியின் கால் எந்த ஊர்க்காரன் என்பது. மேல் உருண்டை ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளி. பச்சையம் இல்லாததால் கீழே இருப்பவன் போடும் சோற்றில்தான் அதன் பிழைப்பு. கீழே இருக்கும் முக்கோணத் தண்டோ டிராகன் பழக் கொடி, வெப்பக் காடுகளில் மரமேறி வளரும் சாதி. 10 டிகிரிக்குக் கீழே அதற்கு ஆகாது. துண்டு நட்டால் வேர் பிடிக்கும், விலையும் மலிவு, அதனால்தான் எல்லோரும் அதில் ஒட்டுகிறார்கள். குளிர் வரும் நேரத்தில் இதை மலைக்கு ஏற்றிவிட்டவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. கள்ளிக்குச் சாயம் அடித்து, காகிதப் பூவைப் பசை வைத்து ஒட்டி விற்கும் கூட்டத்திடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

சாய்ந்த செடியின் உருண்டையைக் காப்பாற்ற முயலலாம். ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் அடியை மெல்லிய வில்லையாகச் சீவுங்கள். நடுவில் சிறு வளையம் தெரியும். அது பழுப்பாக இருந்தால், பிளேடை மறுபடி துடைத்து இன்னொரு வில்லை. வளையம் வெளுப்பாக வந்தபின், எக்கினோப்சிஸ் வகைத் தூண் கள்ளியில் ஒட்டுங்கள். அது ஆண்டிஸ் மலைக்காரன், குளிர் தாங்குவான். உருண்டையின் வளையமும், தூணை வெட்டிய இடத்தில் தெரியும் வளையமும் ஓரிடத்திலாவது தொட வேண்டும். அறை கதகதப்பாக இருக்கட்டும். இந்தக் குளிரில் பாதி கூடினாலே லாபம்.

இனி என் பழைய சண்டை. தொட்டியில் என்ன கலவை என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன்: தேங்காய் நார்க்கழிவு. லாரியில் ஏற்ற எடை குறைவு, மண் கொட்டாது, கடையில் பத்து நாள் தண்ணீர் காட்டாமல் வைக்கலாம். இதெல்லாம் விற்பவனுக்கு வசதி. தக்காளி நாற்றுக்கு அதைவிட நல்லது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கள்ளிக்கு, அதுவும் மார்கழியில், அது ஈரத் துணி சுற்றிய கால். விரலால் தொட்டால் மேலே பொடியாக உலர்ந்திருக்கும், நீங்களும் பூவாளியை எடுப்பீர்கள். ஊதுபத்திக் குச்சியை அடிவரை செருகி உருவிப் பாருங்கள், கருத்து ஈரமாக வரும். குன்னூரில் என் முதல் குளிர்காலத்தில் தலையளவு தங்கப் பந்துக் கள்ளிகள் பதினொன்றை இப்படித்தான் இழந்தேன். கவிழ்த்தால் நார் உருண்டை தொட்டி வடிவிலேயே வந்து விழுந்தது. வேரை இழுத்தேன், தோல் மட்டும் உறைபோல் கழன்று கையோடு வந்தது.

செங்கலைக் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்து மூன்று பங்கு, தூசி சலித்த பருமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் ஒரு பங்கு. கள்ளிக்குக் கலவை இவ்வளவுதான். "கள்ளிக்கலவை" என்று எழுதி மூட்டை விற்கிறார்கள், கொட்டிப் பாருங்கள், முக்கால்வாசி அதே நார். குளிர்கால டானிக் என்பதும் வீண் செலவு. அதில் தழைச்சத்து இருந்தால் திசு இளகி, குளிருக்கு இன்னும் சுலபமாக விழும்.

மீதி 260-ஐ இன்றே வீட்டுக்குள் ஏற்றுங்கள். நாரை உதிர்த்துவிட்டு, உலர்ந்த கலவையில் மாற்றி, ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெயில் இருக்கும் நாளில் காலை பத்து மணிக்கு, கொஞ்சம். அடுத்த ஆண்டு மார்ச்சில் வாங்கி மழைக்கு முன் விற்றுத் தீருங்கள், குளிர்காலத்தில் கையில் வைத்திருக்க வேண்டாம். உங்கள் ஊருக்குத் தோதானவை ரெபுட்டியா, மாமில்லேரியா என்ற கள்ளிகள். வேர் உலர்ந்திருந்தால் 5 டிகிரியையும் தாங்கும், அந்தக் குளிர் ஓய்வு கிடைத்தால்தான் கோடையில் நன்றாகப் பூக்கும்.

லித்தாப்ஸ் சுருங்குவது நோய் இல்லை. பழைய இலைச் சோடியின் நீரை உள்ளே இருக்கும் புதுச் சோடி குடித்துக்கொண்டிருக்கிறது. பிளவில் எட்டிப் பார்த்தால் புது இலையின் நுனி தெரியலாம். இப்போது தண்ணீர் விட்டால் பழையது வற்றாது, இரண்டு சோடியும் ஒன்றையொன்று நெருக்கி வெடிக்கும். பழைய இலை காகிதம்போல் சருகாகும்வரை அந்தத் தட்டின் பக்கம் பூவாளியோடு போகாதீர்கள்.