அந்தரத்தில் கப்பல், பாய்மரத்தில் நீல நெருப்பு

கடலில் அந்தரத்தில் தொங்கும் ‘பேய்க்கப்பல்’ நிஜமாகவே கண்ணுக்குத் தெரியுமா?
*– வாசகர், நாகப்பட்டினம்*

தெரியும். ஆனால் அது தொலைவில் ஓடுகிற உண்மையான கப்பலின் தோற்றம். நீரை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் அடுக்காக நின்றால், ஒளி கீழ்நோக்கி வளைந்து வரும். கண்ணுக்கு அந்த வளைவு தெரியாது, ஒளி நேராக வந்ததாகவே கொள்ளும். கப்பல் மேலே தூக்கி நிறுத்தியதுபோல, சில நேரம் தலைகீழாகவும் தெரியும். மணலில் நிற்பவரின் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஏறத்தாழ 5 கி.மீ.தான். அதற்கும் அப்பால் மறைந்திருக்க வேண்டிய கப்பலையும் இந்த வளைவு காட்டிவிடும். சோதிப்பது எளிது: உட்கார்ந்து பாருங்கள், பிறகு மாடியேறிப் பாருங்கள். உருவம் நீண்டு, சுருங்கி, அறுந்து போனால் கானல்.

‘பறக்கும் டச்சுக்காரன்’ என்ற பேய்க்கப்பல் கதை 1790இல் அச்சில் வந்தது. புயலோடு மல்லுக்கட்டி, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஊழிவரை அலையும் கப்பல் அது. அந்த முனையைச் சுற்றி வந்த டச்சுக்காரர்கள்தான் 1658 முதல் 1781 வரை நாகையை வைத்திருந்தார்கள். முனையின் மேற்குக் கடல் பெங்குவேலா நீரோட்டத்தால் சில்லென்றிருக்கும். கானலுக்கு வாகான இடம். ஆனால் புயலுக்குள் பார்த்ததாகச் சொல்லும் கதைகளுக்கு இந்த விளக்கத்தை ஒட்டவைக்கக் கூடாது. பலத்த காற்றில் அடுக்கு கலைந்துவிடும்.

பாய்மர நுனியில் எரிந்த நீல நெருப்பு?
*– வாசகி, வேதாரண்யம்*

அது மின்சாரம். இடிமேகத்தின் கீழ் கூர்மையான நுனிகளில் காற்று மின்னேற்றம் பெற்று, ‘உஸ்’ஸென்ற ஒலியோடு ஒளிரும், பாய் தீப்பிடிக்காது. போர்ச்சுக்கீசிய மாலுமிகள் ‘கார்ப்போ சாந்தோ’, அதாவது புனித உடல், என்று கும்பிட்டார்கள். இன்று படகில் அதைக் கண்டால் மின்னல் விழும் நேரம் நெருங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்: கம்பி, ஆன்டெனா எதையும் தொடாமல் படகின் நடுவில் தாழ்ந்து உட்காருங்கள்.

நம் கரையில் மூழ்கிய கப்பல்கள் உண்டா?
*– வாசகர், சீர்காழி*

உண்டு. 1619இல் டேனியரின் ‘ஓரசுண்ட்’ கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர் மூழ்கடித்தனர். பூம்புகாருக்கு எதிரே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலில் 1791, 1792 என்று பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்தன. ஈயம் நிலைக்கும், மரத்தைக் கப்பல்புழு துளைத்துத் தின்றுவிடும், மணலில் புதைந்த பகுதி மட்டும் தப்பும். வலையில் பழைய மரமோ இரும்போ சிக்கினால் வெயிலில் காயவைக்காதீர்கள். மரம் சுருங்கி வெடிக்கும், இரும்பிலுள்ள உப்பு படிகமாகி அதைப் பிளக்கும். தண்ணீரிலேயே வைத்து, ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.